கோவாவுக்குப் போய் ஸ்ரீரங்கத்தில் இறங்கிய அண்ணி

எங்கள் டெல்பின் அண்ணியின் போனில் மனிதர்களின் பெயரே இருக்காது. 'கோழிக்கோடு பால்', 'கொல்கத்தா மாடிவீடு', 'ஐஸ்வால் தையல்', 'பெங்களூரு ஆட்டோ நல்லவர்', 'பெங்களூரு ஆட்டோ எடுக்காதே' என்றுதான் இருக்கும். ஆள் பெயரைப் போட்டு வைத்தால், அடுத்த ஊருக்குப் போனதும் அது யார் என்று மறந்துவிடுமாம். நாத்தனாரான என்னைக்கூட 'திருச்சி வாலு' என்றுதான் போட்டு வைத்திருக்கிறாள்.

இதற்கெல்லாம் காரணம் என் அண்ணன் ஆசீர். கால்பந்தில் கோல்கீப்பர். சம்பளத்துக்கு ஆடுகிறவன். எங்கள் பாலக்கரையில் வேலை என்றால், சேர்ந்த நாளிலிருந்து பொன்னாடை போர்த்தி வீட்டுக்கு அனுப்பும்வரை ஒரே நாற்காலி. இவனுக்கு வேலை என்பது ஒரு சீசன். டீம் தோற்றால் முதலாளி கோச்சை மாற்றுவார். புதுக் கோச் கோல்கீப்பரை மாற்றுவார். கோல்கீப்பர் வீட்டை மாற்றுவான். அண்ணி பால்காரரை மாற்றுவாள்.

அண்ணி மன்னார்புரத்துப் பெண், பி.காம். படித்தவள். கல்யாணத் தரகர் "மாப்பிள்ளை ஸ்போர்ட்ஸ் கோட்டா" என்று மட்டும் சொன்னார். ரயில்வே வேலை என்று நினைத்து அவள் வீட்டில் தலையாட்டினார்கள். அந்தக் கோட்டா எந்த ஊரில் இருக்கிறது என்று அவள் அப்பா இன்னமும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணி வாங்குகிற சாமான் எல்லாம் மடங்கும். கட்டில் மடங்கும், மேசை மடங்கும், துணி காயப்போடும் கம்பி மடங்கும். ஒரு மத்தியானத்துக்குள் முழு வீட்டையும் மூட்டை கட்டிவிடுவாள்.

"அண்ணி, அண்ணனும் மடங்குவானா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மடங்குவாரு. முட்டி மட்டும்தான் கொஞ்சம் தகராறு பண்ணும்."

அவர்கள் மகள் பிரான்சி எல்.கே.ஜி.யைக் கோழிக்கோட்டில் தொடங்கிக் கொல்கத்தாவில் முடித்தாள். யு.கே.ஜி.யை ஐஸ்வாலில் தொடங்கினாள், முடித்த மாதிரி தெரியவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பேச்சு அவளுக்குச் சளி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆனால் எந்தப் பள்ளியின் குரூப் போட்டோவிலும் அவள் கிடையாது. போட்டோ எடுக்கும் சமயம் ரயிலில் இருப்பாள்.

"இவ ஒரு வகுப்ப ஒரு ஸ்கூல்ல ஆரம்பிச்சு, அதே ஸ்கூல்ல முடிக்கணும் பெலி" என்பாள் அண்ணி. "எனக்கு நகை வேணாம், வீடு வேணாம். இது ஒண்ணு போதும்."

நானே பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஒரே பள்ளியில் இருந்து என்ன சாதித்தேன் என்று கேட்கலாமென்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இந்த வருடக் கதைக்கு வருகிறேன்.

அண்ணனுக்குப் புது கிளப் கிடைத்தால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தெருமுனையில் பிளெக்ஸ் போர்டு வைப்பார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயிலில் சாமியார் அவன் கிளவுஸை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். பைக் மந்திரிப்பார்கள், புது வீடு மந்திரிப்பார்கள், எங்கள் தெருவில் மட்டும் கிளவுஸும் உண்டு. மந்திரித்த கிளவுஸோடு போனால் ஆடிவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்பது எங்கள் அம்மா இருதயமேரி போட்ட சட்டம்.

மே மாதம் ஏஜெண்ட் நஸ்ருல்லா பாய் போன் செய்தார். "தம்பி, கோவா. எல்லாம் பேசியாச்சு, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. குடும்பத்தோட கிளம்பி வா, அங்கயே போட்டுக்கலாம்."

அம்மாவுக்கு 'கோவா' மட்டும்தான் காதில் விழுந்தது. மறுநாளே பிளெக்ஸ். அண்ணன் படத்தில் வேறு யாருடைய சட்டையையோ ஒட்டி, "கோவாவைக் காக்கக் கிளம்பும் எங்கள் சிங்கமே" என்று போட்டிருந்தார்கள். கோவாவுக்கு என்ன ஆபத்து என்று யாரும் கேட்கவில்லை. கிளவுஸ் மந்திரிப்பு நடந்தது. தெருவுக்கே பிரியாணி. திருச்சி ஜங்ஷனில் சென்னை ரயிலில் ஏற்றிவிட மாலையும் மேளமுமாக ஒரு படையே வந்தது. சென்னை போய் அங்கிருந்து கோவா.

நான் பெட்டி ஏற்றுகிற சாக்கில் உள்ளே போனவள் இறங்கவில்லை. ஸ்ரீரங்கம் வரை ஓசியில் போய்விட்டு பஸ்ஸில் திரும்பலாம் என்று திட்டம். ரயில் காவிரிப் பாலத்தில் ஏறும்போது அண்ணனின் போன் அடித்தது. மாலையைக்கூட அவன் இன்னும் கழற்றவில்லை.

"தம்பி, ஒரு சின்ன விஷயம்" என்றார் நஸ்ருல்லா பாய்.

அவர் சின்ன விஷயம் என்றால் அது பெரிய விஷயம். கோவா கிளப்பின் முதலாளிக்கு மனசு மாறிவிட்டதாம். இந்த வருடம் டீமே கிடையாதாம். ஓட்டல் கட்டப் போகிறாராம்.

அண்ணன் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்தான். அண்ணி எழுந்து மேலே இருந்த பெட்டிகளை இறக்கத் தொடங்கினாள். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ரயில் நின்றது. எல்லாரும் இறங்கினோம்.

"அடுத்த பஸ்ஸ புடிச்சு வீட்டுக்குப் போயிடலாங்க" என்றாள் அண்ணி.

"எப்படிப் போறது டெல்பி? மேளம் அடிச்சவன் இன்னும் வீடு போயி சேர்ந்திருக்க மாட்டான். கிளவுஸ் வேற மந்திரிச்சாச்சு."

"அதுக்கு இங்கயே ரங்கநாதர் மாதிரி படுத்துக்கப் போறீங்களா?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "படுத்துக்கயேன் அண்ணே. நம்ம தெருக்காரங்க வேளாங்கண்ணி போவாங்க, துபாய் போவாங்க. ஸ்ரீரங்கத்துக்கு எவன் வர்றான்? அடுத்த கிளப் கெடைக்கிற வரைக்கும் இங்க இரு. தெருவப் பொறுத்தவரைக்கும் நீ கோவாவுல இருக்க."

அண்ணன் முகத்தில் நிம்மதி வந்ததைப் பார்க்க வேண்டுமே. எதிராளி பெனால்டியை வெளியே அடித்தது போல இருந்தது. அண்ணி மட்டும் பிரான்சியைப் பார்த்தாள்.

"ஸ்கூல் தொறக்கப் போகுது" என்றாள்.

வடக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் மாடிப் போர்ஷன் கிடைத்தது. கீழே வீட்டுக்கார வகுளா மாமி. ஒரே நிபந்தனை: கறி, மீன், முட்டை வாசனைகூட வரக்கூடாது. அண்ணனுக்குக் காலையில் அவித்த முட்டை உள்ளே போகாவிட்டால் கை கால் வராது. ஆகவே நான் பாலக்கரையிலிருந்து டிபன் பாக்ஸில் முட்டை கடத்தினேன். விடிந்ததும் அவன் கொள்ளிடக் கரைக்கு ஓடுவான், மணலில் விழுந்து புரண்டு பந்து பிடிப்பான், முட்டையைத் தின்பான், ஆற்றங்கரைக் குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு சைவமாகத் திரும்புவான்.

"உங்காத்துக்காரர் கார்த்தாலே எங்கே ஓடறார்? பந்து பிடிக்கறதுக்கா சம்பளம் தரா?" என்று மாமி ஒருநாள் அண்ணியிடம் கேட்டாள்.

"ஆமாம் மாமி. விட்டா தரமாட்டாங்க."

"அப்போ கஷ்டமான உத்தியோகம்தான்."

இதை விடத் தெளிவாக எந்தப் பத்திரிகையும் அண்ணன் பிழைப்பைப் பற்றி எழுதியதில்லை.

பக்கத்துத் தெருப் பள்ளியில் பிரான்சியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தாள் அண்ணி. மாமியே கூட வந்து சேர்த்துவிட்டாள். சாயங்காலம் பிரான்சி மாமி வீட்டிலேயே கிடந்தாள். அண்ணி புடவைக் கடை ஒன்றில் கணக்கு எழுதப் போனாள். பிறகு ஒருநாள் நான் முட்டையோடு போனபோது நான்கு ஆட்கள் மூச்சு வாங்க மாடிப்படியில் ஒரு இரும்பு பீரோவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் தலையில் கை வைத்தான். "டெல்பி, இது மடங்காதே! நாளைக்கு கிளப் வந்தா இத எப்படித் தூக்கிட்டுப் போறது?"

அண்ணி ஆட்களிடம், "சுவரோட ஒட்டிப் போடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

பந்து எந்த மூலைக்கு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்கிறவன் எங்கள் அண்ணன். பீரோ விஷயத்தில் அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

அதற்குள் இங்கே பாலக்கரையில் எங்கள் தெருவில் தொல்லை ஆரம்பித்தது. மாதா சபைப் பெண்களுக்குக் கோவாக் கடலைப் பார்க்க வேண்டுமாம். அவன் கோவாவில் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்த அம்மா எவ்வளவு நாள் தள்ளிப்போடுவாள்? ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோ கால் என்று தேதி கொடுத்துவிட்டாள்.

நான் கலங்கவில்லை. ஆடி பிறக்காத கொள்ளிடத்தில் தண்ணீரைத் தவிரக் கடற்கரைக்கு வேண்டிய எல்லாம் இருக்கும். மணல், காற்று, அடிவானம். முதல் நாளே போய் இடம் பார்த்துக் கொடுத்தேன். "போன தாழ்த்திப் பிடி. பாலம் தெரியக் கூடாது. கோபுரம் தெரியவே கூடாது. அரை டிராயர், கூலிங்கிளாஸ் போட்டுக்க. ரொம்பப் பேசாத."

மறுநாள் எங்கள் வீட்டில் அம்மாவும் சபைப் பெண்களும் ஒரு போனைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நின்றேன். திரையில் அண்ணன் வெளிநாட்டு மாப்பிள்ளை மாதிரி சிரித்தான்.

சபைத் தலைவி பெர்பெத் அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்ன பெலிண்டா, அலையே காணோம்?"

"இறக்கம்க்கா. இந்த நேரம் கடல் உள்ள போயிடும்."

"மாடு போகுதே?"

"கோவாவுல மாடு பீச்சுக்குத்தான் வரும். வேணா நெட்ல போட்டுப் பாருங்க." இது மட்டும் உண்மை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிரான்சி ஓடிவந்து அண்ணன் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"அப்பாயி! நன்னா இருக்கேளா? தளிகை ஆயிடுத்தா?"

பெர்பெத் அக்கா கண்ணாடியை மறுபடி கழற்றித் துடைத்தார்.

"நேக்கு மாமி அக்காரவடிசல் பண்ணித் தந்தா! நெய் கையெல்லாம் வழிஞ்சுது! நீங்களும் ஒருநாள் வாங்கோளேன்!"

"கோவாவுல ஐயங்காருங்க நெறையவோ?" என்றார் பெர்பெத் அக்கா மெதுவாக.

"அவங்க உலகம் பூரா இருக்காங்கக்கா" என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

அம்மா விரலை நீட்டிப் போனை அணைத்தாள். "சிக்னல் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று சபைப் பெண்களிடம் சிரித்தாள். காப்பி கொடுத்தாள். வாசல்வரை போய் அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஸ்ரீரங்கத்துக்கு எத்தனாம் நம்பர் பஸ்ஸுடி?"

"ஒண்ணாம் நம்பரும்மா."

மறுநாள் காலையில் மீன்குழம்புத் தூக்கோடு கிளம்பினாள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. "கோவாவுக்கு ஓசியில போற மொத ஆளுங்க நாமதாம்மா" என்றேன். காவிரிப் பாலம் முடியும்வரை என் காது அவள் கையில் இருந்தது, அதற்குள் நடந்ததையெல்லாம் கக்கிவிட்டேன்.

வகுளா மாமி வாசலில் நின்றாள். தூக்கைப் பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

"என்ன அது?"

"மருந்து மாமி" என்றேன். "கடல் மருந்து."

"அந்த மருந்து மதிலுக்கு வெளியிலேயே இருக்கட்டும். நீங்க மேலே போங்கோ."

மாடியில் அண்ணன் அம்மாவைப் பார்த்ததும் பள்ளியில் பிடிபட்ட பையன் மாதிரி எழுந்து நின்றான். திட்டப்போகிறாள் என்று நானும் ஒதுங்கினேன். அம்மா பீரோவைத் தொட்டுப் பார்த்தாள். சமையலறையை எட்டிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள்.

"கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடி கிளவுஸ தூக்கிட்டு கோயிலுக்கு ஓடினது யாரு? நான்தானே. அதுக்கு நீ ஏன்டா ஒளிஞ்சு கெடக்கற? வாங்க, வீட்டுக்குப் போவோம். தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அண்ணன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. நஸ்ருல்லா பாய். ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, ஷில்லாங்! அவங்க கீப்பருக்குத் தோள்பட்டை போயிடுச்சு. வர்ற வாரமே வரணும். குவார்ட்டர்ஸ் தர்றாங்க, குடும்பத்தோட போகலாம். கையெழுத்துக் காகிதம் இப்ப வாட்சப்புல வருது. மொதல்ல கையெழுத்து, அப்புறம்தான் மந்திரிப்பு, புரியுதா? அம்மாகிட்ட சொல்லிடு."

அண்ணன் வீடே அதிரக் குதித்தான். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "டெல்பி, பெட்டிய எடு!" என்றான் அண்ணன். "அங்க ஸ்கூல் எப்படின்னு விசாரி. குளிரும், ஸ்வெட்டர் எங்க இருக்கு?"

அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"நான் வரலங்க. நீங்க போயிட்டு வாங்க."

"வெளையாடாத."

"வெளையாடறது நீங்க. நான் எப்பவும் கூடத்தானே வந்தேன்? சொன்ன ஊருக்கெல்லாம் வந்தேன். முகம் சுளிச்சிருக்கேனா? பிரான்சி இந்த வருஷத்த இங்க முடிக்கட்டும். பரிட்சை எழுதட்டும். போட்டோல நிக்கட்டும். ஒரே ஒரு வருஷம்."

அண்ணன் தரையைப் பார்த்தான். அம்மாதான் பேசினாள். "அது சரியா வராதும்மா. புருஷன் ஒரு ஊரு, பொண்டாட்டி ஒரு ஊருன்னு இருக்கற பழக்கம் நம்ம வீட்டுல கெடையாது."

"அம்மா, அப்பா குவைத்ல இருந்தப்ப நீ எந்த ஊர்ல இருந்த?" என்று கேட்டுவிட்டேன்.

எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் பதினாறு வயது வித்தியாசம். குவைத் கம்பெனி அப்பாவுக்கு லீவு கொடுத்த லட்சணம் அது. அம்மா என்னை முறைத்தாள். முறைக்க முறைக்க அவள் வாயோரம் இளகியது. அண்ணியின் பக்கம் நகர்ந்து, தட்டிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தாள்.

"கஷ்டம்தான் டெல்பின். ராத்திரில கதவ ரெண்டு தடவ தள்ளிப் பாத்துட்டுப் படுக்கணும்" என்றாள். "ஆனா இருந்துடலாம்."

அண்ணன் தோற்றுவிட்டதை அப்போதுதான் உணர்ந்தான். "என் முட்டிக்கு யாரு பேண்டேஜ் கட்டுவா? ஒவ்வொரு மேட்சுக்கும் நீதானே கட்டுவ?"

"அங்க டாக்டர் இருப்பாரு."

"டாக்டர் கட்டினா முட்டி சரியாகும். நீ கட்டினாத்தான் எனக்கு தைரியமா இருக்கும்."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் பேண்டேஜ் சுருளை எடுத்து வந்தாள். அண்ணனைச் சுவரோரம் உட்கார வைத்து, காலை நீட்டச் சொல்லி, மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். "இங்க இறுக்கம். முட்டிச் சில்லுக்கு மேல வர்றப்ப தளர்த்தணும். குறுக்க வாங்கி இப்படி." பிறகு அவிழ்த்துவிட்டு அவனைக் கட்டச் சொன்னாள். கோல்போஸ்ட்டுக்குள் எதையும் விடாத அந்தக் கைகள் ஒரு துணிச்சுருளைப் பிடிக்கத் தெரியாமல் உருளவிட்டன. மறுபடி அவிழ்த்தாள். மறுபடி கட்டினான். சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. பிரான்சி பள்ளிவிட்டு வரும்வரை அதுவே நடந்தது.

இந்த முறை பிளெக்ஸ் இல்லை, பிரியாணி இல்லை. நடந்ததை அம்மா தெருவில் அப்படியே சொன்னாள். ஒரு வாரம் சிரித்தார்கள். பிறகு வேறு யாருடைய கல்யாணமோ நின்றுபோனது, எங்களை விட்டுவிட்டார்கள்.

கிளப்பே விமான டிக்கெட் அனுப்பியிருந்தது. கிளம்புகிற நாள் காலையில் அண்ணனே பிரான்சியைப் பள்ளிக்குக் கூட்டிப்போனான். ஒரு நாள் லீவு போடட்டும் என்று கெஞ்சிப் பார்த்தான், அண்ணி அசையவில்லை. பள்ளி வாசலில் பிரான்சி அவன் கன்னத்தைத் தட்டி, "சமத்தா இருங்கோப்பா. கோல் விடாதீங்கோ" என்றுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். அவளுக்கு அன்றைக்கு டிராயிங் வகுப்பு.

விமான நிலையத்துக்கு அண்ணியும் நானும்தான் போனோம். பயண டிக்கெட்டுகளை வைத்திருப்பது எப்போதும் அண்ணி. அந்தப் பழக்கத்தில் அண்ணனுக்கு முன்னால் வரிசையில் நின்று, வாசலில் இருந்த காவலரிடம் டிக்கெட்டையும் ஆதாரையும் நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு, மேடத்தின் டிக்கெட் எங்கே என்று இந்தியில் கேட்டார்.

எனக்கு இல்லை, இவருக்கு மட்டும்தான் என்று சொல்ல வேண்டும். அண்ணி எத்தனையோ ஊரில் வீட்டுக்காரர்களோடு இந்தியில் சண்டை போட்டு ஜெயித்தவள். அந்த ஒரு வரிக்குத் தடுமாறினாள். கடைசியில் தமிழில் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். காவலருக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன் உள்ளே போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்தான். அண்ணி இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். பெட்டி இல்லாமல், குழந்தை இல்லாமல் அவள் கைகளை நான் பார்த்ததே இல்லை.

"பெலி, வழியனுப்ப வர்றவங்க என்ன செய்வாங்க?"

"கைய ஆட்டணும் அண்ணி."

"எவ்வளவு நேரம்?"

"ஆளு மறையற வரைக்கும்."

ஆட்டினாள். ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவள் மாதிரி இருந்தது. அண்ணன் நொண்டாமல் நடந்து காட்டியபடி உள்ளே போனான், கூட்டத்தில் கலந்தான், காணாமல் போனான். அவள் கை நிற்கவில்லை. தனியாக ஆட்டினால் நன்றாக இருக்காதே என்று நானும் கையைத் தூக்கி ஆட்டினேன். உள்ளே யாரோ ஒரு பெரியவர் தனக்குத்தான் என்று நினைத்துத் திருப்பி ஆட்டினார்.

அண்ணி சிரித்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனில் மணி பார்த்தாள்.

"ஸ்கூல் விட்டுடும் பெலி, சீக்கிரம் வா" என்று பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள். அந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.